விசைப்பலகைக்குள் ஒரு பழைய ஆபீஸ்

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் திண்ணையில் கூடினால் பேச்சு முழுக்கக் கருவிகளைப் பற்றித்தான். எந்த லேப்டாப்புக்கு எவ்வளவு ரேம் வேண்டும், சார்ஜர் ஏன் சுடுகிறது, வைஃபை ஏன் மாடிக்கு எட்டவில்லை. இதிலெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் சில கேள்விகளுக்கு அவர்களைவிட என்னிடம் நல்ல பதில் உண்டு. அவற்றின் விடை கம்ப்யூட்டரில் இல்லை, நான் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய சர்க்கார் ஆபீஸில் இருக்கிறது.

"மெயிலில் சிசி என்று இருக்கிறதே, அது என்ன தாத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள். கார்பன் காப்பி அம்மா, வேறென்ன! தாள்களுக்கு நடுவே கருநீலக் கார்பனைச் செருகி, ஓங்கி அடித்தால் நாலு பிரதி கிடைக்கும். நாலாவது மங்கலாக இருக்கும், அது எப்போதும் எங்கள் ஃபைலுக்கு. ஷிஃப்ட் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். 1878-ல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் மெஷினில் ஒரே கம்பியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இருந்தன. பெரிய எழுத்து வேண்டுமென்றால் தாள் சுற்றிய உருளையையே நகர்த்த வேண்டும். நகர்த்துவதுதான் ஷிஃப்ட். பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது, ஓரடி பின்னால் போகும், அவ்வளவுதான். அடிக்கோடு போட அதைத்தான் நம்பியிருந்தோம். டேப் என்பது ஸ்டேட்மெண்டில் பத்தி பத்தியாகத் தொகை அடிக்க வந்தது. பட்ஜெட் மாதத்தில் அதன் அருமை தெரியும்.

மெயில் முகவரியில் வரும் அந்தச் சுழிக்குறியும் பழைய சரக்குதான். "இத்தனை உருப்படி, ஒன்று இன்ன விலை வீதம்" என்று கணக்கெழுத வணிகர்கள் வைத்திருந்த குறி. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பெயரையும் கம்ப்யூட்டரையும் பிரிக்க ஒரு குறி தேடினார். விசைப்பலகையில் அதிகம் யாரும் தொடாமல் கிடந்தது இது. எடுத்துக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் சொல்தா குடும்பம். பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தான். பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்று இரண்டு நாள் நண்பர்களோடு தலையைப் பிய்த்துக்கொண்டான். நான் விசைகளைப் பார்த்தேன். எனக்குப் பழகிய முகம். பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் நான் முதன்முதலில் தொட்ட தட்டச்சு மெஷினும் இதே வரிசைதான். ஆங்கில மெஷினில் க்யூ இருக்கும் இடத்தில் ஏ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட், எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில். விண்டோஸ் ஆங்கில வரிசையில் இருந்தது, விசைமேல் அச்சாகியிருந்ததோ பிரெஞ்சு. அவன் ஏ என்று அடித்ததையெல்லாம் அது க்யூ என்று வாங்கிக்கொண்டது.

விசையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போவது எழுத்தல்ல, அந்த இடத்தின் எண். எந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் ஒரு பட்டியல் சொல்கிறது. விசைமேல் இருப்பது வெறும் மை. இதைச் சொன்னதும் பையன்கள் செட்டிங்ஸில் பிரெஞ்சுக்கு மாற்றி, ஒரே நிமிஷத்தில் உள்ளே போய்விட்டார்கள். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்புறம் எதுக்குத் தாத்தா எழுத்தெல்லாம் இப்படிக் கலைஞ்சு கிடக்கு?"

இது நல்ல கேள்வி. மில்வாக்கியில் பத்திரிகைத் தொழிலில் இருந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ், கூட்டாளிகளோடு 1868-ல் காப்புரிமை வாங்கிய மெஷினில் பியானோ போன்ற கட்டைகள் இருந்தன. பிறகு வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1873-ல் ரெமிங்டன் கம்பெனி அதை ஏற்றது. துப்பாக்கி செய்தவர்கள், தையல் மெஷினும் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் முதல் மெஷின் தையல் மெஷின் போலவே மேசையும் கால்மிதியுமாக, பூப்போட்டு வந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க எழுத்துகளைப் பிரித்தார் என்பது நாமெல்லாம் இன்ஸ்டிடியூட்டில் கேட்ட கதை. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் இ-யும் ஆரும் அடுத்தடுத்தே இருக்கின்றனவே! தந்தி அலுவலர்களின் வசதிக்காக மாறியது என்று ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. எப்படியோ, 1888-ல் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் மெக்கரின் என்பவர் பார்க்காமலே அடித்து ஜெயித்தார். அதன்பின் விரல்கள் பழகிவிட்டன. 1936-ல் டிவோராக் வேறு வரிசைக்குக் காப்புரிமை வாங்கியும் உலகம் அசையவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட், எண்களுக்கும் ஷிஃப்ட். இந்த விசைப்பலகையில் பிரெஞ்சைப் பிழையில்லாமல் எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று 2016-ல் அவர்களுடைய கலாசார அமைச்சகமே சொன்னது. 2019-ல் புதுத் தரம் வந்தது. குறிகள் இடம் மாறின. எழுத்துகளில் கை வைக்க அவர்களுக்கும் துணிச்சல் வரவில்லை.

தமிழுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, நம் 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கினார். அதற்கு அவர் நம்பியது நகரா விசை. அழுத்தினால் புள்ளி விழும், உருளை நகராது. அதன்மேல் மெய்யெழுத்தை அடிக்க வேண்டும். அதாவது ‘ம்’ எழுத முதலில் புள்ளி, பிறகு ம. இரும்பில் வேறு வழியில்லை. அவர் செய்தது பெரிய சாதனை.

கம்ப்யூட்டரில் இரும்பே இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. உயிரெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் செய்யத் துணியாததை நாம் செய்தோம். ஆனால் தட்டச்சுப் பரீட்சை பாஸ் செய்த என் வயதுக்காரர்கள் பழைய வரிசையை விடவில்லை. பிள்ளைகளோ ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறார்கள். கார்பன் காப்பி கேட்ட அதே பெண் ஒருநாள் தன் தோழியிடம் சொன்னாள்: "அண்ணன்னு எழுத ரெண்டு கேப்பிடல் என் போடுடி." ண என்ற எழுத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கேப்பிடல் என்! டண்ணகரம் என்று சொல்லிக் கொடுக்க அவளுக்கு ஆளில்லாமல் போனதே என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

திட்டிப் பயனில்லை. அவள் போனில் தமிழ் 99-ஐப் போட்டுக் கொடுத்தேன். ஐபோனிலும் விண்டோஸிலும் ஏற்கெனவே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் இறக்கிக்கொள்ளலாம். நீங்களும் செய்து பாருங்கள். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘பங்கு’ வேண்டுமா? ப, ங, க, உ. விரல் பழக ஒரு வாரம் பிடிக்கும், எனக்குப் பத்து நாள் ஆயிற்று.