கடலடியில் ஒரு மின்தேக்கி

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்த முதல் அட்லாண்டிக் தந்திக் கம்பி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடங்கிப்போனது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேரவே 16 மணி நேரம் ஆயிற்று. செய்தியைத் தள்ளிவிடச் சுமார் 2,000 வோல்ட் ஏற்றிய, கம்பி நிறுவனத்தின் மின்னியலாளர் வைட்ஹவுஸ்தான் கம்பியைக் கொன்றார் என்பது பலகாலப் பேச்சு. இந்தத் தீர்ப்பு அரைகுறையானது. அவசரமாகச் செய்த கம்பி அது. கடலில் இறங்குமுன்பே வெயில் பட்டு அதன் உறை இளகியிருந்தது. எப்படியும் அது நெடுநாள் தாங்கியிருக்காது. வைட்ஹவுஸின் உண்மையான பிழை, மின்னழுத்தத்தைக் கூட்டினால் செய்தி விரையும் என்று நம்பியது.

நடுவில் செம்பு, சுற்றிலும் கட்டாபெர்ச்சாப் பிசின், வெளியே இரும்பும் உப்புநீரும்: இரு கடத்திகளுக்கிடையே ஒரு காப்பு. அதாவது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட மின்தேக்கி. இப்படிப்பட்ட கம்பி லெய்டன் ஜாடிபோல மின்னூட்டத்தைத் தேக்குகிறது என்று ஃபாரடே 1854இலேயே விளக்கியிருந்தார். மின்தடையில் மின்னோட்டம் பாயும் கணமே அதற்கேற்ற அழுத்தம் தோன்றிவிடும். மின்தேக்கியில் அப்படியல்ல, மின்னூட்டம் சேரச் சேரத்தான் அழுத்தம் ஏறும். தடையையும் தேக்குதிறனையும் பெருக்கினால் வரும் நேரத்தில் அது இறுதி அளவின் 63 சதவீதத்தை எட்டும். கம்பி இருமடங்கு நீண்டால் தடையும் இருமடங்கு, தேக்குதிறனும் இருமடங்கு. தாமதமோ நான்கு மடங்கு. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1855இல் வெளியிட்ட இந்தக் கணக்கை வைட்ஹவுஸ் ஏற்கவில்லை.

அதிக வோல்ட் கொடுத்தால் மறுமுனைக் கருவியை அசைக்கும் அளவை அழுத்தம் சீக்கிரம் எட்டாதா என்று கேட்கலாம். எட்டும்தான். ஆனால் அதிகமாக நிரம்பியது அதிகமாகவே வடியவும் வேண்டும். மிச்சம் தங்கினால் தந்திக் குறியீட்டின் அடுத்த புள்ளி முந்தைய கோட்டோடு கலந்துவிடும். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் ஏறி இறங்கும் வளைவின் வடிவம் மாறாது. நேரத்தைக் குறைக்கத் தடையைக் குறைக்க வேண்டும், தேக்குதிறனைக் குறைக்க வேண்டும். 1866இல் வென்ற கம்பியில் ஒரு கடல்மைலுக்குச் செம்பு 107 பவுண்டிலிருந்து 300 ஆகவும், காப்பு 261இலிருந்து 400 ஆகவும் கூடியது. மறுமுனையில் தாம்சனின் கண்ணாடிக் கால்வனோமீட்டர்: நுண்காந்தம் ஒட்டிய சிறு கண்ணாடி லேசாகத் திரும்பினாலே சுவரில் ஒளிப்புள்ளி நகரும். அதே ஆண்டு மின்பொறியாளர் லாட்டிமர் கிளார்க், அப்போது இயங்கிய இரண்டு அட்லாண்டிக் கம்பிகளை மறுமுனையில் ஒன்றாக இணைத்து, தைப்பவர்கள் விரலில் மாட்டும் வெள்ளி உறை ஒன்றில் கொஞ்சம் அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டுச் செய்த மின்கலத்தால் செய்தி அனுப்பினார். கடலைக் கடந்துபோய்த் திரும்பிய அந்த மின்னோட்டத்துக்கு ஒளிப்புள்ளி தெளிவாக அசைந்தது.