களாவும் கிரான்பெரியும்

சேர மன்னருள் ஒருவர் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்னும் நெடும்பெயர் பூண்டவர். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய தலைவர் இவரே. களங்காயால் தொடுத்த கண்ணியும் நாரால் பின்னிய முடியும் அணிந்தமையால் அப்பெயர் எய்தினார் என்பர். புறநானூற்றுப் புலவரோ சிறிய யாழின் கரிய கோட்டிற்குக் களங்கனியை உவமை கூறினர். இத்துணைப் பழம்புகழ் வாய்ந்த களாவைக் கொல்கத்தாவில் வளரும் நம் சிறார் பலர் அறியார். அறியாமலே அதனை ஆண்டுதோறும் உண்கின்றனர் என்பது அதனினும் வியப்பு!

டிசம்பர் மாதத்தில் இந்நகரில் விற்கும் பழக்கேக்குகளில் செர்ரி என்னும் பெயரால் செக்கச் சிவந்து மின்னும் துண்டு பெரும்பாலும் செர்ரி அன்று. விதை நீக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய களாக்காயே அது. வங்காளியர் இதனைக் கரம்சா என்பர். வடமொழிக் ‘கரமர்த’ என்பதன் திரிபு அது. மழையை விலகச் சொல்லி வங்கக் குழந்தைகள் பாடும் பாட்டிலும் கரம்சாவின் பெயர் உண்டு. 1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்தில் அப்பாட்டைக் கேட்கலாம்.

அண்மைக் காலத்தில் மற்றொரு மயக்கமும் தோன்றியுள்ளது. புளிப்பும் செந்நிறமும் ஒத்திருத்தலால் களாவை ‘இந்தியக் கிரான்பெரி’ என்று அழைக்கின்றனர். உண்மையில் இவை இரண்டும் உறவினவல்ல.

கிரான்பெரி வட அமெரிக்காவின் சதுப்பு நிலக் கொடி. அந்நாட்டுத் தொல்குடியினர் உலர்ந்த இறைச்சியோடும் கொழுப்போடும் அதனை இடித்துச் சேர்த்து உண்டனர். 1816ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டென்னிஸ் என்னும் ஊரில் ஹென்றி ஹால் என்பார், காற்று மணலை வாரித் தூவிய இடங்களில் அக்கொடி செழித்தலைக் கண்டு, அதனைப் பயிரிடத் தொடங்கினார். இன்று அறுவடையின்போது வயலில் நீரைத் தேக்குகின்றனர். கனியினுள் காற்றறைகள் இருத்தலின், கொடியை அலைத்தவுடன் அவை நீரில் மிதந்துவரும். டார்ஜிலிங் மலையில் பூக்கும் ரோடோடெண்ட்ரான் இதன் குடும்பத்தைச் சேர்ந்தது.

களாவோ அரளியின் குடும்பம். காயைக் கீறினால் பால் வடியும். லின்னேயஸ் 1767இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தம் நூலில் இதனைப் படத்துடன் விளக்கினார். நம்மைப் போலவே தெற்கிலிருந்து ஹூக்ளிக் கரைக்கு வந்த அவர், 1793இல் சிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். களாவுக்குச் சதுப்பு வேண்டா. வறண்ட நிலத்திலும் வளரும். கவைத்த முள் உடைமையால் உயிர்வேலிக்கு உகந்தது. மல்லிகை போன்ற வெண்பூப் பூத்து, மழைக்காலத்தில் கனி தரும்.

இனி நலம் பற்றிச் சிறிது கூறுவோம். சிறுநீர்ப் பாதையில் அடிக்கடி கிருமித் தொற்றுக்கு ஆளாகும் பெண்களுக்கு, அது மீண்டும் வராமற் காக்கக் கிரான்பெரி உதவுகிறது என்று 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தடுத்தல் வேறு, தீர்த்தல் வேறு. வந்த நோய்க்கு மருத்துவரையே நாடவேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் உண்போர் அவரைக் கேளாது கிரான்பெரியை மிகுதியாக உண்ணலாகாது. கிரான்பெரிக்குக் கண்ட பயனைப் பெயரொப்புமை கருதிக் களாவின்மேல் ஏற்றிக் கூறுதலும் தகாது. உயிர்ச்சத்து ‘சி’யும், பாகை இறுகச்செய்யும் பெக்டினும் களாவுக்குரிய செல்வங்கள். ஊறுகாய்க்கும் ஜெல்லிக்கும் அது சிறந்ததாதல் இதனாலேயே.

ஆதலின், அன்புடைய தாய்மார்களே, ஆடி ஆவணியில் கரம்சா சந்தைக்கு வரும்போது சிறிது வாங்குங்கள். உப்பிட்டு ஊறவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் தமிழ்ப்பெயரையும், அதனைச் சூடிய சேரன் பெயரையும் உடன் சொல்லுங்கள்!