நாய், பூனைக்குத் தெள்ளுப்பூச்சித் தொல்லையா? வீட்டையும் சேர்த்துக் கவனிங்க!

‘ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியாச்சு, பவுடரும் தூவியாச்சு. ஆனா பத்தே நாள்ல மறுபடியும் சொறிய ஆரம்பிச்சுடுச்சு!’ நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கூடவே, சோபாவில் உட்காருகிறவர்களின் கணுக்காலில் சின்னச் சின்னதாகச் சிவந்த தடிப்புகள். உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? குறை பெரும்பாலும் ஷாம்புவில் இருக்காது. நாம் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான்.

உண்ணியா, தெள்ளா?

செல்லப்பிராணியின் உடம்பில் எது ஊர்ந்தாலும் ‘உண்ணி’ என்றே சொல்லிவிடுகிறோம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து மணிபோல உப்பும். தெள்ளுக்கு ஆறு கால்தான். பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு. பிடிக்கப் போனால் துள்ளி ஓடிவிடும்.

கண்ணில் படவே இல்லையா? பேன் சீப்பால் முதுகிலும் வால் அடியிலும் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம். அதாவது, செரித்த ரத்தம். பரவாமல் அப்படியே இருந்தால் வெறும் அழுக்கு.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை வழுவழுப்பானவை. உரோமத்தில் ஒட்டாமல் நாய் படுக்கும் சாக்கு, சோபா இடுக்கு, கட்டிலுக்கு அடி என எல்லா இடத்திலும் உதிரும். அதிலிருந்து வரும் புழு, வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டான இடுக்குகளில் ஒளிந்து வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மூன்று வாரங்களிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும்.

பிராணியின் உடம்பில் நாம் பார்ப்பது மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவிகிதம்தான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் பூச்சிமருந்து எளிதில் இறங்காது. அதற்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் தெள்ளு வெளியே வரும். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்ததும் காலில் மொய்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அரிப்பு மட்டும்தானா?

இல்லை. சில பிராணிகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாமையைக் கிளப்பும். சில கடிகளே போதும், முடி கொட்டிப் புண்ணாகும் அளவுக்குக் கடித்துச் சொறிந்துகொள்ளும். தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு தொற்றலாம். மலத்திலோ ஆசனவாய் அருகிலோ அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தெள்ளை விழுங்கிவிடும் குழந்தைகளுக்கும் அந்தப் புழு வரலாம். குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். நிறைய தெள்ளு இருந்தால் ரத்தசோகையில் உயிரே போகலாம். ஈறு வெளுத்து, சோர்ந்து கிடந்தால் காத்திருக்காதீர்கள்.

என்ன செய்யணும்?

* வீட்டில் உள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்குங்கள். ஒன்றை விட்டாலும் அதிலிருந்து மறுபடி பரவும்.

* ஷாம்பு அன்றைக்கு இருப்பதை மட்டுமே கொல்லும். கழுத்தின் பின்புறம் சொட்டு விடும் மருந்து, மாத்திரை போன்றவை வாரக்கணக்கில் வேலை செய்யும். எது, எவ்வளவு என்பதை வயது, எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

* சொட்டு மருந்தை முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். குளிப்பாட்ட எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, சுள்ளென்ற வெயிலில் காயவையுங்கள். வறண்ட சூட்டில் புழுக்கள் பிழைக்காது.

* சோபா இடுக்கு, மிதியடி, கட்டிலுக்கு அடியில் வாக்குவம் போட்டு, குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். வாக்குவம் இல்லையென்றால் பெருக்கி, ஈரத்துணியால் துடையுங்கள்.

மருந்து விட்ட பிறகும் சில வாரங்களுக்குப் புதிய தெள்ளுகள் தென்படலாம். கூட்டிலிருந்து வருபவை அவை. ‘மருந்து கேட்கலை’ என்று நீங்களாகவே இரண்டாவது டோஸ் விடாதீர்கள். குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் தொடருங்கள். குளிர்காலம் என்று பெரிதாக இல்லாத நம் ஊரில், வருடம் முழுக்கத் தடுப்பு தேவைப்படுமா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு விடவே விடாதீர்கள். நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கிக்கொள்ளும் இதைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வாயில் நுரை, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். அப்படி மருந்து விட்ட நாயின் முதுகைப் பூனை நக்கினாலும், அதோடு ஒட்டிப் படுத்தாலும் பாதிப்பு வரலாம். தெரியாமல் பட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அலசிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்தின் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பூனை ஏற்கெனவே நடுங்க ஆரம்பித்திருந்தால் அலசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், டீ ட்ரீ ஆயில் போன்ற கைவைத்தியங்களும் வேண்டாம். உடம்பில் தடவியதை நாயும் பூனையும் நக்கி விழுங்கிவிடும். பூண்டு கொடுப்பதும் இரண்டுக்குமே நல்லதல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பேன் சீப்பும் ஒரு வெள்ளைக் காகிதமும் எடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள். கறை தெரிந்தால், செல்லத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அதன் படுக்கையை வெயிலில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் தெள்ளு விடைபெறும்!