பெடல் கவர்: மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் தேர்வும் பொருத்தலும்

பெடல் கவர் என்பது கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகிய மிதிகளின் முகப்பில், காலணி படும் இடத்தில் பொருத்தப்படும் தகடு. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் அந்த இடத்தில் பெரும்பாலும் ரப்பர் உறை இருக்கும். உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டோ, அதன் மேலேயோ, அலுமினியத் தகட்டையோ துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையோ போடுகிறார். ஸ்பார்கோ, ஓஎம்பி, மோமோ ஆகிய இத்தாலிய நிறுவனங்களும், ராஸோ என்ற பெயரில் ஜப்பானின் கார்மேட் நிறுவனமும் இவற்றை விற்கின்றன. கார் நிறுவனங்களே தங்கள் துணைப்பொருள் பட்டியலில் வைத்திருப்பதும் உண்டு.

இது அலங்காரப் பொருளாகவே பெரும்பாலும் வாங்கப்படுகிறது. ஆனால் பொருத்திய நொடியிலிருந்து அது பிரேக்கின் ஓர் உறுப்பு. ஓட்டுநரின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள முதல் கண்ணி அதுதான். அந்தக் கண்ணி நழுவினால் அதற்குப் பின்னால் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை. தேர்வு, பொருத்துமுறை பற்றிக் கீழே சொல்லப்படுவன எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வெளியான இந்த இருவர் கார், 2016இல் பத்து லட்சமாவது எண்ணிக்கையைத் தொட்டது. விலை குறைவு, எடை குறைவு, உரிமையாளரே ஸ்பேனர் பிடிக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து, பெடல் கவர் அதிகம் மாற்றப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றாக அதை ஆக்கியுள்ளன.

மிதிகள் இந்த வரிசைக்கு வந்த கதை

இடப்பக்கம் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்பக்கம் ஆக்சிலரேட்டர் என்ற ஒழுங்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1908இல் வந்த ஃபோர்டு மாடல்-டி காரில் மூன்று மிதிகள் இருந்தன. இடதுமிதி கியர் மாற்ற, நடுமிதி பின்னோக்கிச் செல்ல, வலதுமிதி பிரேக். வேகம் கூட்ட ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைக்கோல். இன்றைய ஒழுங்கு 1916ஆம் ஆண்டின் கேடிலாக் டைப் 53 காரில் காணப்பட்டது. 1922இல் வந்த ஆஸ்டின் 7 வழியாக அது பரவியது. அதன் பிறகும் பந்தயக் கார்கள் தம் வழியிலேயே சென்றன. 1950களின் மாசராட்டி 250எஃப் காரில் ஆக்சிலரேட்டர் நடுவில்தான் இருந்தது.

பந்தயக் கார்களின் மிதிகளில் எடை குறைக்கத் துளையிடுவார்கள். கடையில் விற்கும் துளைத் தகடுகள் அந்தத் தோற்றத்தைக் கடன் வாங்கியவை. சாலைக் காருக்கு அந்த எடைக் குறைப்பால் பயன் ஏதும் இல்லை. ஆனாலும் துளையின் விளிம்பு காலணியைப் பற்றிக்கொள்ளும். ஈரமும் மண்ணும் முகப்பில் தங்காமல் துளைக்குள் இறங்கிவிடும்.

ஹீல்-டோ: கவர் மாற்றுவதற்கு உள்ள ஒரே கனமான காரணம்

வளைவுக்கு முன் பிரேக் பிடித்தபடியே கீழ் கியருக்கு மாற வேண்டும். கியர் இறங்கும்போது எஞ்சின் சுழற்சி உயர்ந்தாக வேண்டும். அது உயராமல் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் வெட்டி இழுக்கும். எம்எக்ஸ்-5 போன்ற பின்சக்கர இயக்கக் காரில், வளைவின் வாசலில், அந்த வெட்டு காரின் பின்பக்கத்தையே தூக்கிப் போடக்கூடும். அதனால் ஓட்டுநர் வலதுகால் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே பாதத்தின் வெளிவிளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறார். தரையில் கீல் வைத்த மிதிகள் இருந்த காலத்தில் குதிகால் உண்மையிலேயே ஆக்சிலரேட்டரில் பட்டதால் ஹீல்-டோ என்று பெயர். மிதிகள் மேலிருந்து தொங்கத் தொடங்கிய பிறகு குதிகாலுக்கு அந்த வேலை இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இந்தத் தட்டலைத் தானே செய்துவிடும் மின்னணு ஏற்பாடு 2009இன் நிஸான் 370இசட் காரில் வந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத கார்களில் காலே செய்ய வேண்டும்.

இதற்கு இரண்டு அளவுகள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடைவெளி. மற்றது உயர வேறுபாடு. சும்மா இருக்கும்போது பிரேக் மிதி உயர்ந்து நிற்கும். நன்றாக அழுத்தியபோது அது இறங்கி ஆக்சிலரேட்டரின் மட்டத்துக்குச் சற்று மேலே வந்து நின்றால் பாதம் எளிதாகச் சாயும். ஆகவே கவர் வாங்குமுன் காரில் உட்கார்ந்து, வழக்கமாக ஓட்டும் காலணியோடு, எஞ்சின் ஓடும் நிலையில் பிரேக்கை உறுதியாக அழுத்தி, அந்த நிலையில் பாதம் ஆக்சிலரேட்டரை எங்கே தொடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். எஞ்சின் நின்றிருந்தால் பிரேக் பூஸ்டர் உதவாது. மிதி இறங்கும் அளவும் மாறும், அளவு பொய்யாகிவிடும்.

இந்த அளவெடுப்பு ஓர் எளிய உண்மையைக் காட்டும். மூன்று மிதிக்கும் ஒரே தடிமனில் தகடு போட்டால் உயர வேறுபாடு அப்படியே இருக்கும். ஹீல்-டோவுக்கு எந்த நன்மையும் வராது. பிரேக்குக்குத் தடித்த தகடு போட்டால் நிலைமை மோசமாகும். ஆக்சிலரேட்டரை மட்டும் சற்று உயர்த்துவதும், இடப்பக்கமாகவோ கீழ்நோக்கியோ நீட்டுவதும்தான் உண்மையில் உதவும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் தொழிற்சாலை ரப்பரே போதும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. புது ரப்பரின் பிடியை எந்தப் பளபளப்பான தகடும் வெல்வதில்லை. பழைய காரில் வழுக்குகிறது என்றால், காரணம் பெரும்பாலும் முப்பது ஆண்டு மிதித்துத் தேய்ந்த ரப்பர்தான். அதை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறிது.

பந்தய ஓட்டுநர் ஐர்ட்டன் சென்னா சுசுகா ஓடுதளத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டும் புகழ்பெற்ற படப்பதிவில், அவர் காலில் இருப்பது பந்தயக் காலணி அல்ல, சாதாரணத் தோல் காலணி. அந்தக் கால் ஆக்சிலரேட்டரில் போடும் நுண்ணிய தட்டல்களைப் பார்த்தவர்கள், தகட்டைவிடப் பாதத்துக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

எந்த வகை

பொருத்தும் முறையை வைத்து மூன்று வகை. முதலாவது, ரப்பரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஏறும் உறை. முகப்பில் உலோகம் இருந்தாலும் பின்பக்கம் ரப்பர் மடிப்பு இருக்கும். அது மிதித் தகட்டின் நான்கு விளிம்பையும் பற்றிக்கொள்ளும். மாஸ்டா தன் கார்களுக்கு விற்கும் அலுமினிய மிதித் தொகுதியும் அந்தந்த மாடலின் மிதிக்கென்றே வார்த்தது. துளையிட வேண்டியதில்லை, மனம் மாறினால் பழையதைத் திரும்பப் போடலாம். முதல் தேர்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மிதித் தகட்டில் துளையிட்டு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குவது. பந்தயத்துக்குப் போகும் கார்களில் இதுவே வழக்கம். ஒழுங்காகச் செய்தால் இதைவிட உறுதியானது இல்லை.

மூன்றாவது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கவ்வுத் தகடு. முன்னால் தகடு, பின்னால் வளைந்த கொக்கிகள், நடுவே பழைய ரப்பர். கொக்கி இறுகுவது ரப்பரின் மேல். ரப்பர் அமுங்க அமுங்கப் பிடி தளரும். இறுக்கியபோது அசையாத தகடு சில வாரங்களில் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். மென்மையாக ஓட்டும்போது இது தெரியாது. தெரிய வருவது முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கும் நாளில்தான். பயணிகள் கார்களின் பிரேக் சோதனைக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 13-எச், மிதியின் மேல் 500 நியூட்டன் வரையிலான விசையை ஏற்கிறது. ஏறத்தாழ 51 கிலோ எடையை மிதியில் ஏற்றியதற்குச் சமம். பதற்றத்தில் மிதிப்பவர் அதையும் தாண்டக்கூடும். அந்த விசை தகட்டின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால், தகடு கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு புரளும். பிரேக் மிதிக்கு இந்த வகையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பசையால் மட்டும் ஒட்டுவதும் அப்படியே.

முகப்பைப் பொறுத்தவரை, மழுமழு அலுமினியம் ஈரக் காலணிக்கு ஆகாது. கூரையைத் திறந்து ஓட்டும் காரில் மழைநீர் கால்பகுதிக்கு வருவது சாதாரணம். மேலெழுந்த ரப்பர்க் குமிழ்களோ ஆழமான வரிகளோ இருக்க வேண்டும். விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்க வேண்டும். கூரிய ஓரம் காலணியின் அடியை அறுப்பதோடு, கால் ஒரு மிதியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது மாட்டியும் கொள்ளும்.

எம்எக்ஸ்-5இன் நான்கு தலைமுறைகள்

என்ஏ (1989–1997), என்பி (1998–2005) ஆகிய முதல் இரண்டு தலைமுறைகளில் ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்குகிறது. எஞ்சினுக்கு இழுகம்பி வழியாகத் தொடர்பு. 2005இல் வந்த என்சி தலைமுறையில் இழுகம்பி போய் மின்னணு முறை வந்தது. 2015இல் வந்த என்டியில் ஆக்சிலரேட்டர் தரையில் கீல் வைத்து, ஆர்மோனியத் துருத்திப் பலகைபோல் மேல்முனை சாயும் வகை. அதனால் முன் தலைமுறைகளின் ஆக்சிலரேட்டர் தகடு என்டிக்கு ஒருபோதும் பொருந்தாது. ஆட்டோமேட்டிக் கியர் காரில் கிளட்ச் இல்லை, பிரேக் மிதி அகலம். அதற்குத் தனித் தொகுதி கேட்டு வாங்க வேண்டும்.

கால்பகுதி குறுகியது. இடப்பக்க ஸ்டியரிங் காரில் ஆக்சிலரேட்டருக்கு அருகே கியர்பெட்டிச் சுரங்கத்தின் சுவர் வருகிறது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஓடும் வலப்பக்க ஸ்டியரிங் காரில் அந்தச் சுவர் இடதுகால் பக்கம் போய்விடுகிறது. மிதிகளின் வரிசை மட்டும் மாறுவதில்லை. ஒரு நாட்டில் பொருந்திய அகலத் தகடு இன்னொரு நாட்டுக் காரில் சுவரை உரசுவது இதனால்தான்.

பொருத்துதல்

இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, தரைவிரிப்பை வெளியே எடுத்துவிட்டு, டார்ச்சோடு தலைகீழாகப் படுத்துச் செய்யும் வேலை இது. ரப்பர் உறையின் ஒரு மூலையை விரலால் பின்னுக்கு மடித்தால் மற்ற மூலைகள் தாமே வரும். ரப்பருக்கு அடியில் தேங்கிய மண்ணையும் எண்ணெய்ப் பசையையும் சோப்பு நீரில் துடைத்து உலர விட வேண்டும். புது உறையின் மடிப்பு இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து ஏற்றலாம். எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. ஏறிய பிறகு நான்கு விளிம்பையும் விரலால் சுற்றித் தடவி, மடிப்பு எங்கும் விட்டுப்போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

துளையிடும் வகையானால், தகட்டை நாடா ஒட்டி நிறுத்தி, காலை வைத்துப் பார்த்து, அளவு ஒத்துவந்த பிறகே துளைக்குக் குறியிட வேண்டும். ஆக்சிலரேட்டரைக் காரிலிருந்து கழற்றி மேசையில் வைத்துத் துளையிடுவது நல்லது. உலோகத் தூள் கால்பகுதியின் மின்இணைப்புகளில் விழாது. நைலான் வளையம் உள்ள லாக் நட் போட வேண்டும். மரையில் தடவும் திரவப் பூட்டுப்பசை சிலவகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும் என்பதால் பிளாஸ்டிக் மிதியில் அது வேண்டாம். நட்டுக்குப் பின்னால் இரண்டு மரைக்கு மேல் போல்ட் நீண்டிருந்தால் அறுத்துவிட வேண்டும். நீண்ட முனை தரைவிரிப்பில் குத்தி நிற்கும். கடலோரத்தில் ஓடும் காரில், அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். நடுவே ஒரு நைலான் வாஷர் அதைத் தடுக்கும்.

ஓட்டுமுன் செய்யும் சோதனை

பொருத்தியதும் சாவியைத் தேடக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்த வேண்டும். தடித்த தகடு, முழுத் தூரம் போகுமுன்னே தரையில் முட்டினால் எஞ்சின் தன் முழு பலத்தைக் காட்டாது. இழுகம்பிக் காரில் ஒருவர் மிதிக்க, மற்றவர் எஞ்சினருகே நின்று காற்று வால்வு முழுவதும் திறக்கிறதா என்று பார்க்கலாம். மின்னணுக் காரில், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி மிதியின் நிலையை எண்ணாகக் காட்டும்.

அதைவிட முக்கியம், காலை எடுத்ததும் மிதி துள்ளித் திரும்ப வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 124, சாதாரண வெப்பநிலையில் காரின் காற்று வால்வு ஒரு நொடிக்குள் ஐடில் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. அந்தத் திருப்பும் விசைக்குக் குறைந்தது இரண்டு மூலங்களும் கேட்கிறது. ஒரு சுருள்வில் முறிந்தாலும் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. நாம் நீட்டிய தகடு விரிப்பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு சுருள்வில்லும் கைவிட்டுவிடும். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, வேறொரு மாடலுக்கான ரப்பர் விரிப்பு போடப்பட்டிருந்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் ஆக்சிலரேட்டர் விரிப்பில் சிக்கி, நால்வர் உயிரிழந்தனர். அதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் செய்த மாற்றங்களில் ஒன்று, ஆக்சிலரேட்டர் மிதியின் வடிவத்தைத் திருத்தி விரிப்புக்கும் அதற்கும் இடைவெளி கூட்டியது. மிதியைக் கீழ்நோக்கி நீட்டும் தகடு அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. நீட்டியவர் தரைவிரிப்பைக் கொக்கியில் மாட்டி வைத்தே தீர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போடவே கூடாது.

பிறகு பிரேக். எஞ்சினை ஓடவிட்டு, முழு பலத்தோடு அழுத்தி, தகட்டின் நான்கு மூலையிலும் மாறிமாறிக் காலை வைத்து முறுக்கிப் பார்க்க வேண்டும். துளி அசைந்தாலும் கழற்றிவிட வேண்டும். பிரேக்கை மட்டும் மிதிக்க நினைக்கும்போது காலணியின் ஓரம் ஆக்சிலரேட்டரைத் தொடுகிறதா என்பதையும், மழைக்காலத்தில் போடும் அகலக் காலணியோடு ஒருமுறை பார்க்க வேண்டும். ஹீல்-டோவுக்காக நெருக்கிய இடைவெளி அந்தக் காலணிக்கு ஆபத்தாகலாம்.

சட்டம்

மிதிகளின் இட அமைப்புக்கென்றே ஐ.நா. ஒழுங்குவிதி 35 உள்ளது. ஜெர்மனியில் பெடல் கவருக்கு ஏபிஇ எனப்படும் பொது அனுமதியோ தொழில்நுட்பச் சான்றோ இருப்பதைப் பார்த்து வாங்குவது வழக்கம். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையான எம்ஓடியில், பிரேக் மிதியின் வழுக்காத முகப்பு இல்லாமல் போயிருந்தாலோ, தளர்ந்திருந்தாலோ, மழுங்கத் தேய்ந்திருந்தாலோ அது குறைபாடு. ரப்பர்க் குமிழ்கள் உதிர்ந்துபோன அலுமினியத் தகடு அங்கே மாட்டிக்கொள்ளும். கழற்றிய தொழிற்சாலை ரப்பரைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர், சோதனைக்கு முந்தைய நாள் மாலையில் அதைத் திரும்ப ஏற்றிவிடலாம்.