மெயின் ரோடு வேண்டாம்... பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக பாதுகாப்பான வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 மாணவர்களுக்கு தமிழக அரசு இலவச சைக்கிள் தருகிறது. ஆனால் பஸ், லாரிக்கு நடுவே பிள்ளை எப்படி ஓட்டிட்டுப் போகும் என்பதுதான் பெற்றோரின் கவலை.

மேப்பில் எதைப் பார்ப்பது?
கூகுள் மேப்ஸில் ‘டூ வீலர்’ வழி பைக், ஸ்கூட்டருக்கானது. அது பெரிய சாலை, மேம்பாலம் வழியாகவும் காட்டும். நடந்து செல்லும் வழியைத் தட்டினால் பல நேரம் உள்தெருக்கள் கிடைக்கும். ஆனால் அது ஒருவழிப்பாதையைக் கணக்கில் எடுக்காது. நேரில் பார்ப்பது அவசியம்.

உதாரணமாக, சென்னை அடையாறு - திருவான்மியூர் இடையே எல்.பி. ரோட்டுக்குப் பதில், பெரும்பகுதி தூரத்தை சாஸ்திரி நகர் தெருக்களிலேயே கடக்கலாம்.

எங்கே கவனம்?
உள்தெருவிலேயே போனாலும் எங்காவது மெயின் ரோட்டைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் இருக்கும் வழியையே தேர்வு செய்யுங்கள். சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு கடப்பது நல்லது.

முதலில் ஞாயிறு காலை, அடுத்து பள்ளி நேரத்தில் என பெரியவர் ஒருவர் இருமுறை கூடவே போய்ப் பார்க்கலாம். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளை என்றால் தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா என்பதையும் பாருங்கள்.

சுற்று வழிதான். கொஞ்சம் முன்னாடியே கிளம்பினால் போதும்.