வயிரம் பாய்ந்த தோள்

தமிழில் 'தோள்வலி' என்று ஒரு சொல் உண்டு. இன்று இச்சொல்லைக் கேட்பவர் உடனே தைலக் குப்பியைத் தேடுவர். பழைய இலக்கியங்களைப் பயின்றவர்க்கோ அது வீரனின் புயவலிமையைக் குறிக்கும் பெருமைச் சொல்லாகும். வலிமையைக் குறித்த ஒரு சொல் காலப்போக்கில் நோவைக் குறிக்கலானது எவ்வாறு என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். நாள்தோறும் சொற்களோடு மல்லாடும் மொழிபெயர்ப்பாளராகிய நம்மை ஈர்ப்பது வேறொரு கேள்வி. அந்தப் பழைய தோள்வலியை மக்கள் எப்படி ஈட்டினார்கள்?

ஆடவர் தோளைக் குன்றோடும் மகளிர் தோளை மூங்கிலோடும் ஒப்பிடுவது நம் புலவர்களின் மரபு. காஞ்சியில் அரசாண்ட முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்ற பட்டத்தை விரும்பிச் சூடிக்கொண்டான். கடற்கரைச் சிற்ப நகரமாகிய மாமல்லபுரம் இன்றும் ஒரு மற்போர் வீரனின் பட்டப்பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆயினும் புலவர்கள் நமக்குக் காட்டுவது ஆக்கி முடிந்த குன்றை மட்டுமே. விருந்தைப் பாடுகிறவர் அடுக்களைப் புகையைப் பாடுவதில்லை அல்லவா? ஆகவே ஏட்டை மூடிவிட்டு, இன்றும் பயிற்சி நடக்கும் இடத்திற்குச் செல்வதே முறை. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு அத்தகைய இடம் கிழக்குக் கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டில் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய சி.வி.என். களரி என்பது அதன் பெயர்.

களரிக்குள் இறங்குமுன் தோளின் அமைப்பைச் சற்று நோக்குதல் நலம். தோள் மூட்டு பந்துக் கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது. இடுப்பு மூட்டும் அவ்வகையே. ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழமானது. தொடையெலும்பின் தலை அதற்குள் நன்கு அமிழ்ந்திருக்கும். தோளிலோ கிண்ணம் மிக மேலோட்டமானது. தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போலக் கையெலும்பின் தலை அதன்மேல் அமர்ந்திருக்கிறது. இதனால் வரும் நன்மை, கையை எத்திசையிலும் சுழற்றலாம் என்பது. வரும் தீமை, உடலின் பெரிய மூட்டுகளில் எளிதில் நழுவக்கூடியது இதுவே என்பது. எலும்பு தராத காவலைத் தசைகள்தாம் தரவேண்டும். வெளியே காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பிலும் தொடங்கி, மூட்டைப் போர்த்து, மேற்கையில் வந்து முடியும் முக்கோணத் தசை. கிரேக்கரின் 'டெல்டா' எழுத்தின் வடிவை ஒத்தமையால் டெல்டாய்டு என்று பெயர் பெற்றது. இதன் முன்பகுதி கையை முன்னே உயர்த்தும், நடுப்பகுதி பக்கவாட்டில் உயர்த்தும், பின்பகுதி பின்னே இழுக்கும். அதற்கு அடியில் வெளியே தெரியாத நான்கு சிறு தசைகள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கண்ணாடியில் தெரிவது முக்கோணத் தசை. சுழலும் கையைக் கிண்ணத்தை விட்டு விலகாமல் காப்பவை அந்நான்கும். தோளைப் பயிற்றுவோர் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ இவ்விரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்ற முடிவை எடுத்தே ஆகவேண்டும்.

வடமுறைக் களரி நிலத்தைத் தோண்டி அமைத்த ஒரு குழியாகும். நீளம் 42 அடி, அகலம் 21 அடி, வாயில் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும் பூத்தறை. தரை மண்தரை. பயில்வோர் கச்சை கட்டி, உடல் முழுதும் எண்ணெய் பூசி, ஆசிரியர் சொல்லும் வாய்த்தாரிக்கு ஏற்ப அசைகின்றனர். முதற்படி மெய்த்தாரி. இதில் கையில் எதுவும் இல்லை. கைகளைத் தலைக்குமேல் நீட்டி, சுழற்றித் தாழ்த்தி, குனிந்து, தாவி, திரும்பி, மறுபடி உயர்த்தும் அசைவுகளே தொடர்ந்து வருகின்றன. கையின் எடை ஒன்றே போதுமா என்று ஐயுறுவோர் இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டிச் சில நிமிடங்கள் நின்று பார்க்கட்டும். விடை தானாகவே வந்து சேரும்.

உடல் பண்பட்ட பின்னரே கோல்த்தாரி. இங்குதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது. முதலில் ஆளுயரத்தை ஒட்டிய நெடுங்கோல். அடுத்து மூன்று சாண் நீளமுள்ள சிறுகோல். அப்பால் யானைத் தந்தம்போல் வளைந்து நுனியில் குமிழ் கொண்ட 'ஒற்றை'. கதையும் இந்த வரிசையில் சேர்ந்ததே. நெடுங்கோலைச் சுழற்றும்போது எடை கையின் நுனியில் இல்லாமல் அதற்கும் அப்பால் இருக்கிறது. நெம்புகோலின் விதிப்படி சிறிய எடையும் தோளுக்குப் பெரிய சுமையாகிறது. சுமை மேலும் கீழுமாக மட்டும் இயங்காமல் வட்டமாக இயங்குவதால், ஒவ்வொரு சுற்றிலும் முக்கோணத் தசையின் மூன்று பகுதிகளும் முறைவைத்து உழைக்க, அடியிலுள்ள நான்கும் ஓயாமல் மூட்டைப் பிடித்திருக்கின்றன. ஒற்றைக் கோல் பெரும்பாலும் புளியமரத்தின் வயிரத்தில் கடையப்படுவது. 'வயிரம் பாய்ந்த' என்று தமிழில் நாம் சொல்வது இத்தகைய மரத்தைத்தான்: பருமனால் வந்த வலிமையன்று, ஆண்டுக்கு ஆண்டு உள்ளே இறுகியதால் வந்த வலிமை. களரியில் பயின்ற தோளுக்கும் அச்சொல்லே பொருந்தும் என்பது நம் கருத்து.

இப்பயிற்சிக்கு மழைக்காலம் சிறந்தது என்பது மரபு. நம் ஆடி மாதமாகிய கர்க்கடகத்தில் பயிற்சியோடு உழிச்சிலும் நடக்கும். மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, கீழே படுத்திருக்கும் மாணவன்மீது எண்ணெயிட்டு, ஆசிரியர் தம் பாதத்தால் நீவுவார். 7 நாள், 14 நாள், 21 நாள் என்று அதற்குக் கணக்கு உண்டு. முடிந்த பின் அத்தனை நாள் அடங்கியிருத்தலும் உண்டு. உழைப்பைப்போலவே ஓய்வையும் பயிற்சியின் ஒரு பகுதியாக வைத்த அறிவு பாராட்டத்தக்கது.

இவ்வளவு செம்மையான கல்வி ஏறத்தாழ அழிந்துபோகும் நிலைக்கு வந்ததே, அது எப்படி? வாளை வீழ்த்தியது துப்பாக்கி. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மர் டச்சுக்காரரை வென்றார். ஆனால் அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதியே பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கற்பித்தார். வென்றவர் தோற்றவரின் முறையை ஏற்றுக்கொண்டதில் குற்றம் காண முடியாது. போர்க்களத்தில் மரபுப் பற்று உயிருக்கே உலை. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி 1809இல் அடக்கப்பட்டபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதியும் கலைக்கப்பட்டது. 1878இன் ஆயுதச் சட்டம் மிச்சமிருந்த ஆயுதங்களுக்கும் உரிமச்சீட்டு கேட்டது. போர் போயிற்று, போருக்காகத் தோளை வளர்த்தவர்களின் பிழைப்பும் போயிற்று.

எஞ்சிய நெருப்பு வடகேரளத்தில் சில குடும்பங்களில் கனன்றுகொண்டிருந்தது. கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பயின்ற தலச்சேரியைச் சேர்ந்த சி. வி. நாராயணன் நாயர், இக்கலையை ஊர் ஊராகக் கொண்டுசென்று மேடையில் காட்டினார். மறைவில் காத்த வித்தையை மன்றத்தில் காட்டுவதா என்று முணுமுணுத்தவர் இருந்திருக்கலாம். காட்டாமல் இருந்திருந்தால் இன்று காண ஒன்றும் இருந்திராது என்பதே நம் துணிபு. அதே தலச்சேரியில்தான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அவ்வூர் மண்ணுக்கும் தோளுக்கும் ஏதோ உறவு போலும். 1905இல் பிறந்த நாராயணன் நாயர் நாற்பது வயதை எட்டுமுன் 1944இல் மறைந்தார். ஒரு மனிதரின் மறைவோடு எத்தனையோ கலைகள் மறைந்திருக்கின்றன. இங்கே அவ்வாறு நேராமல் காத்தவர்களுள் அவர் மகன் கோவிந்தன்குட்டி நாயர் முதன்மையானவர். அவர் தெற்கே வந்து திருவனந்தபுரத்தில் களரி அமைத்த 1956ஆம் ஆண்டே கேரள மாநிலம் உருவான ஆண்டும் ஆகும்.

அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவ்வட்டங்களில் வேறொரு மரபு வழங்கிவந்தது: அடிமுறை. அங்கே ஆசிரியர்க்கு 'ஆசான்' என்று பெயர். குழிக்களரி இன்றியமையாதது அன்று, தென்னந்தோப்பின் நிழலே போதும். மலையாளத்தில் மர்மம் என்பதை அவர்கள் வர்மம் என்பர். எல்லைக்கோடு விழுந்தபின்னும் ஆசான்மாரின் அடிமுறை இருபுறமும் வழங்குகிறது. கோல் சுழற்றும் தோளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் வரைபடம் தெரியாது.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இப்பணியைச் செய்தது கர்லாக்கட்டை. அடி பருத்துப் பிடி சிறுத்த அம்மரத்தைத் தோளின்மேல் ஏற்றி, முதுகுக்குப் பின்னே தொங்கவிட்டு, வட்டமாக முன்கொண்டு வருவர். தண்டால், பஸ்கி ஆகியவற்றோடு இதுவும் பழைய உடற்பயிற்சிக் கூடங்களின் அன்றாட உணவு. இக்கட்டை கப்பலேறிய கதை சுவையானது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கண்டு மகிழ்ந்து தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். 1830களில் டொனால்டு வாக்கர் தம் நூல்களில் இதைப் பரப்பினார். அங்கே எடை குறைந்து, இசைக்கேற்பச் சுழற்றும் மெல்லிய கட்டையாக உருமாறி, பள்ளிகளில் புகுந்தது. 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் போட்டியிலேயே இடம் பெற்றது. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கப்பதக்கம் வென்ற ஜார்ஜ் ராத் அப்போது வேலையற்றிருந்த ஓர் இளைஞர். பதக்கத்தோடு சாலையில் நின்று, வழியே வந்த வண்டியில் இடம் கேட்டு வீடு திரும்பினார் என்பர்.

நம் கட்டை மேற்கே சென்றது; மேற்கின் பார்வை இங்கே வந்தது. 1904-05இல் இந்தியாவில் சுற்றிய யூஜின் சாண்டோ தோளையும் மார்பையும் அளவு நாடாவால் அளந்து காட்டினார். தசை பார்ப்பதற்குரிய பொருளாயிற்று. பெங்களூரில் கே. வி. ஐயர் அப்பார்வையை ஏற்று, அதோடு யோகாசனத்தையும் சேர்த்து, 1930இல் நூலும் எழுதினார். இரண்டையும் பகையாக்காமல் இணைத்தவர் என்ற வகையில் அவர் தனித்து நிற்கிறார்.

இன்று திருவனந்தபுரத்தில் எடைக்கருவிக் கூடங்கள் பல உள்ளன. இரும்பைத் தலைக்கு நேரே உயர்த்தித் தோளை உருட்டித் திரட்டுகின்றனர். அதை நாம் இகழ வரவில்லை. சுமையைச் சிறிது சிறிதாக அளந்து கூட்டுவது நல்ல முறை; தசையிழைகள் அதனால் தடிக்கும் என்பது உறுதியான உண்மை. மேடையில் காணும் உருண்ட தோள் வேண்டுமென்றால் களரி அதைத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தசை விரைவில் வளரும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் மெதுவாகவே வலுப்பெறும். இந்த இடைவெளியைப் பொறுக்காதவர்களிடம்தான் தோள்வலி என்ற சொல் தன் புதிய பொருளில் குடியேறுகிறது. களரியின் வரிசை இந்த இடைவெளியை மதிக்கிறது. சிறுவனாகச் சேர்ந்தவன் வெறுங்கையோடு ஆண்டுகள் கழித்து, கோலுக்கு வந்து, பிறகே வாளையும் கேடயத்தையும் உருமியையும் தொடுகிறான்.

1976இல் அமெரிக்காவிலிருந்து வந்து கோவிந்தன்குட்டி நாயரிடம் பயின்ற பிலிப் சரில்லி, 1998இல் இக்கலையைப்பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உடல் முழுதும் கண்ணாக வேண்டும் என்ற மலையாள வழக்கே அந்நூலின் தலைப்பாயிற்று. காலை வேளையில் கிழக்குக் கோட்டைக் களரியின் மேல்தளத்தில் நின்று பார்ப்பவர்களுக்குக் கீழே குழியில் முதலில் தெரிவது எண்ணெய் மின்னும் தோள்களே. நெடுங்கோல் சுழலத் தொடங்கியதும், தோளை மறந்து கோலின் நுனியையே கண் தொடர்கிறது.