கார் கைமாறியது, பெயர் மாறியதா?



இந்த ஆறு மாதத்தில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் மூன்று பேர் பழைய காரை ஆன்லைன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில். காரை எடுக்க ஆள் இல்லை. மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், இந்த விலை சரியா?" ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று நான் திருப்பிக் கேட்டேன். "அதையெல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

துண்டும் கயிறும்

கார் வருவதற்கு முன்பு நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து விவசாயி வீட்டில் பெரிய சொத்து என்றால் உழவு மாடுதான். அதை விற்க மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். மணப்பாறைச் சந்தை எல்லோருக்கும் தெரியும். அங்கே தரகர் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வயது தெரிந்துவிடும். சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு தோளில் கிடக்கும் துண்டைக் கையில் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது.

விலை படிந்து பணம் கைக்கு வந்ததும் ஒரு சடங்கு உண்டு. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் தான் கொண்டுவந்த கயிற்றைக் கட்டுவார். அதற்குப் பிறகு அந்த மாடு யார் வயலில் மேய்ந்தாலும் பழைய சொந்தக்காரரை யாரும் கேட்க முடியாது. கயிறு மாறினால் பொறுப்பு மாறியது.

கார் விற்பனையில் இந்தக் கயிறு எது? ஆர்.சி.தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் சரியாக அவிழ்க்காமல் விட்டுவரும் கயிறும் அதுதான்.

பெயர் ஏட்டில் ஏறிய கதை

சென்னையில் எம்.சி. 1 என்ற முதல் பதிவு எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காருக்குக் கிடைத்தது என்பார்கள். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்தவர். கணித மேதை ராமானுஜம் அங்கே எழுத்தராக இருந்தபோது அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் காரே சிலரிடம்தான் இருந்தது. எந்த எண் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

வண்டிகள் பெருகியதும் சட்டம் வந்தது. 1914இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம். பிறகு 1939இல் விரிவான சட்டம். வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி பிற்காலத்தில் அந்தச் சட்டத்திலும் இருந்தது. இப்போது நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 50ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். சொல்ல வேண்டிய கடமை விற்றவருக்கும் உண்டு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

பழைய கார் புதிய காரைவிட விலை அதிகமாக இருந்த காலம்

இன்றைய பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். 1960களிலும் 70களிலும் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று கம்பெனிதான். தயாரிப்புக்கு லைசென்ஸ், விற்பனைக்குக் கட்டுப்பாடு. பணம் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்க முடியாதவர் இரண்டு வருடம் ஓடிய காரை, புதிய காரின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கிய காலம் அது. விற்பவர் ராஜாவாக இருந்தார்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 1993இல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. நம் மாநிலத்தில் மறைமலைநகரில் ஃபோர்டு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. ஷோரூமில் காசு கொடுத்தால் கார் கிடைக்கும் என்ற நிலை வந்ததும், பழைய காரின் விலை இறங்கத் தொடங்கியது. இப்போது வாங்குபவர் ராஜா ஆனார். 2001இல் மாருதியே 'ட்ரூ வேல்யூ' என்ற பெயரில் பழைய கார் விற்பனையில் இறங்கியது.

ஆனால் நம் ஊர்களில் பழைய கார் என்றால் மெக்கானிக், டீக்கடை, தெரிந்த புரோக்கர் என்ற வழிதான் நீண்ட நாள் இருந்தது. வாங்கினவர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு வைத்துக்கொள்வார்கள். அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு என்று வண்டி போகும். காலி இடம் காலியாகவே இருக்கும்.

வீடு நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டம். அரியலூரில் ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு, இருந்த இடத்திலேயே நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது!

வண்டி எண்ணில் திருச்சிக்கு 45, பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61. 2006இல் கார் வாங்கிய அரியலூர்க்காரரின் பழைய ஆர்.சி.யில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருக்கும். ஆதாரில் அரியலூர் என்று இருக்கும். ஊர் ஆட்களுக்குள் விற்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆன்லைன் கம்பெனியிடம் போனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம். விற்பதற்கு ஒரு மாதம் முன்பே முகவரியைச் சரிபார்த்து வையுங்கள்.

துண்டு போய் செல்போன் வந்தது

2006இல் இங்கிலாந்தில் 'வீ பை எனி கார்' என்ற கம்பெனி தொடங்கியது. வண்டி எண்ணைப் போட்டால் விலை சொல்லும், நேரில் பார்த்து வாங்கிக்கொள்ளும். அதே போன்ற முறை 2015இல் இங்கே வந்தது. கார்ஸ்24, ஸ்பின்னி இரண்டும் அந்த ஆண்டில் தொடங்கியவைதான்.

வேலை நடக்கும் விதம் சந்தையை நன்றாகவே ஒத்திருக்கிறது. எண்ணைப் போட்டதும் தயாரிப்பு ஆண்டும் மாடலும் வந்துவிடும். அது பல் பார்ப்பது. ஒரு பையன் வந்து கருவியை வைத்து பெயிண்டின் கனம் அளப்பான். எங்கே இடிபட்டு மறுபடி பூசினார்கள் என்று தெரிந்துவிடும். அது சுழி பார்ப்பது. டயர் பார்ப்பான், அது குளம்பு. ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பான், அது நடக்கவிடுவது. பிறகு படங்கள் பல ஊர் வியாபாரிகளின் செல்போனுக்குப் போகும். அவர்கள் ஏலம் கேட்பார்கள். கடைசியில் ஒரு விலை நமக்கு வரும்.

நம் இரு மாவட்டங்களிலிருந்து எனக்குத் தெரிந்தவர்கள் இதற்காகத் திருச்சிக்குத்தான் போய்வந்தார்கள். முதலில் செல்போனில் காட்டிய விலை வேறு, பையன் வந்து பார்த்த பிறகு சொன்ன விலை வேறு என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். முதலில் காட்டுவது காரைப் பார்க்காமல் போடும் மதிப்பு. அதை முடிவான விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரிசியில் கல்

ஏன் விலையைக் குறைக்கிறார்கள் என்பதற்கு நல்ல விளக்கம் ஒன்று உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும். வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு குறைத்தே கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகிக்கொள்வான். சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். இதுதான் சாரம். இந்தக் கருத்துக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவர் 1967–68இல் டெல்லியில் தங்கி வேலை பார்த்தவர். கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லை நம் வீட்டுப் பெண்கள் பொறுக்கி எடுப்பதை அந்தக் கட்டுரையிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். நம் அம்மாவின் முறம் ஒரு நோபல் பரிசுக் கட்டுரையில் இடம்பிடித்திருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

ஆன்லைன் கம்பெனி செய்வது அந்த முறத்தின் வேலை. கல் பொறுக்குவதற்குக் கூலி உண்டு. ஒரு பேச்சுக்கு, நேரடியாக விற்றால் 3 லட்சம் வரும் காருக்குக் கம்பெனி 2 லட்சத்து 60 ஆயிரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 ஆயிரத்தில் பரிசோதனைச் செலவும், வியாபாரி லாபமும், நமக்கு இரண்டு மாத அலைச்சல் இல்லாததும் அடங்கும். அது கட்டுமா என்பது அவரவர் சௌகரியம். தெரிந்து கொடுத்தால் வருத்தம் இல்லை.

இன்னொரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்றதும், நாமெல்லாம் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினார்கள். அது பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்தின் மீதான வரி. சொந்தக் காரை விற்கும் ஓய்வூதியருக்கு அது கிடையாது.

கயிறு கழுத்தில் இருந்தால் என்ன ஆகும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு ஒன்று. ஒருவர் 2007இல் காரை விற்றார். அது ஒருவர் பின் ஒருவராகப் பல கை மாறியது. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். ஆர்.சி.யில் மட்டும் 2007இல் விற்றவரின் பெயரே இருந்தது. காரைக் கையில் வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. பிள்ளையை இழந்தவர்கள் கார் யார் யார் கையில் போனது என்று தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம். நினைத்துப் பார்த்தால் சரியான நியாயம்தான்.

2022 அக்டோபர் 23 அன்று கோவையில் கோயில் அருகே வெடித்த கார் நினைவிருக்கும். அதுவும் பல கை மாறிய பழைய மாருதி 800. போலீசார் வரிசையாக ஒவ்வொருவரையும் தேடிப் போனார்கள். ஒரு பாவமும் அறியாதவர் வீட்டுக் கதவும் அப்படித் தட்டப்படும்.

அரசாங்கமும் இதைப் பார்த்தது. 2022 டிசம்பரில் மத்திய விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் புது ஏற்பாடு கொண்டுவந்தது. பழைய வண்டி வியாபாரி அங்கீகாரச் சான்று பெற வேண்டும். நாம் காரை ஒப்படைக்கும்போது, நாமும் அவரும் சேர்ந்து ஃபாரம் 29சி என்ற தகவலை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அது ஏறிய பிறகு அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை பொறுப்பு அவருடையது. சந்தையில் கயிறு அவிழ்த்த சடங்கு இத்தனை ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் ஏறியிருக்கிறது.

ஆனால் அங்கீகாரம் பெற்ற வியாபாரிக்குத்தான் இது. 29சி ஏறாவிட்டால் நாம் பழைய இடத்திலேயே நிற்கிறோம். "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பதிலும் ஓர் அளவு உண்டு. 2023இல் ஓ.எல்.எக்ஸின் இந்தியத் தொழில் கார்டிரேடு கைக்குப் போனது. கார் வாங்கி விற்கும் பிரிவை மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் வ்ரூம் என்ற கம்பெனி 2024 ஜனவரியில் ஆன்லைன் கார் விற்பனையையே நிறுத்தியது. கம்பெனி மூடலாம். ஏட்டில் உள்ள பெயர் தானாக அழியாது.

காரைக் கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. வியாபாரியின் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். 29சி பதிவான ஒப்புகை எண்ணை வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

2. பெயர் எழுதாத ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்றாலும் போடாதீர்கள்.

3. ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய ரசீது வாங்குங்கள். மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

4. பாஸ்டாக்கை அன்றே நிறுத்துங்கள். இல்லையென்றால் சமயபுரம் டோல்கேட்டில் யாரோ போக, நம் கணக்கில் பணம் போகும்.

5. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். அடுத்த கார் வாங்கினால் பயன்படும்.

6. கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்பே நீக்குங்கள்.

7. ஒரு மாதம் கழித்து வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். மாறவில்லை என்றால் போனில் பேசுவதோடு நிற்காமல் எழுத்தில் கேளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

முதலில் சொன்ன மூன்று நண்பர்களில் இரண்டு பேருக்குப் பெயர் மாறிவிட்டது. மூன்றாமவருக்கு நான்கு மாதமாகியும் மாறவில்லை. இந்தத் திங்கட்கிழமை ஒப்படைப்பு ரசீதோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறோம். என்ன ஆனது என்று பிறகு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் கார் விற்றிருந்தால், இன்றே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.